வரிசை பிடிக்காத மனுசி

கடையில் வரிசையில் நின்றால் என் கால்கள் சும்மா இருப்பதில்லை. இப்போது நான் கனடாவில், பிக்கரிங்கில் மகளோடு இருக்கிறேன். சனிக்கிழமைகளில் மருமகனோடு மரக்கறி வாங்கப் போவேன். காசு கட்டும் இடத்தில் எங்களுக்கு முன்னால் இரண்டு பேர் நின்றாலே போதும், இடக்கால், வலக்கால் என்று மாற்றி மாற்றி வைக்கத் தொடங்கிவிடுவேன். மருமகன் நல்ல பிள்ளை. என் காதருகே குனிந்து, ‘மாமி, வோஷ்ரூம் போக வேணுமோ?’ என்று கேட்பார். இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இது முழங்கால் வருத்தமும் இல்லை, மற்ற வருத்தமும் இல்லை. டோர்செட் பார்க்கில் இருந்த காலத்தில் ஒரு மனுசியிடமிருந்து தொற்றியது.

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் தேடி வந்து நின்று சண்டை பிடிப்பார். நின்று என்று சொன்னதும் பிழை. நடந்துகொண்டே சண்டை பிடிப்பார்.

நல்ல உயரம். தலையில் மஞ்சள் துணிக்கட்டு. ஒரு காலில் பச்சை றப்பர் சப்பாத்து, மறுகாலில் கறுப்பு. ஏன் என்று கேட்டால், இரண்டு சோடியிலும் ஒவ்வொன்று ஓட்டையாகிவிட்டது, மிச்சத்தை எறிய மனமில்லை என்பார். தாய் ஜமேக்காவிலிருந்து வந்தவர். இவர் பிறந்தது ரொறன்ரோவில். கறுப்பின மக்களை எங்களுடைய ஆட்கள் வீட்டுக்குள் ஒரு சொல்லால் சொல்வார்கள். அந்தச் சொல்லை இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. நாங்கள் இருந்த மாடிக் கட்டடத்தில் அவரைப் பற்றிப் பேச்சு வந்ததும் முதலில் அந்தச் சொல்லோடுதான். பிறகுதான் ‘தோட்டத்து மனுசி’ ஆனார்.

எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் பெரிய மின்கோபுரங்கள் வரிசையாகப் போகின்றன. கம்பிகள் எந்த நேரமும் இரைந்துகொண்டிருக்கும். அவற்றுக்குக் கீழே வீடு கட்ட முடியாது, உயரமான மரம் வைக்க முடியாது. வெறும் புல்லாகக் கிடந்த அந்த நிலத்தில் ஒரு துண்டைக் கேட்டு அவர் வருடக் கணக்காக அலுவலகப் படி ஏறியிருக்கிறார். பூந்தோட்டம் போடக் கேட்ட வேறு ஆட்களுக்கு ஒரே பருவத்தில் கிடைத்ததாம். இவரிடம் மட்டும், உங்களுக்கு மேலே யார் பொறுப்பு என்று திரும்பத் திரும்பக் கேட்டார்களாம். எனக்கு மேலே கம்பிதான் இருக்கிறது என்று இவர் சொன்னாராம். அந்த வாய்க்கு நிலம் கிடைத்ததே பெரிய காரியம்.

நிலம் கிடைத்ததும் செய்துகொண்டிருந்த சம்பள வேலையை விட்டார். தன்னைப் போன்ற கறுப்பினப் பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு மண்ணைக் கொத்தினார். எங்கள் பக்கத்தில் மலிவுக் கடைகள் நிறைய உண்டு. சிப்ஸும் சோடாவும் வாங்கலாம், ஒரு பிடி நல்ல கீரை வாங்க பஸ் எடுக்க வேண்டும். பஸ் எடுக்காமல் கீரை தின்னும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்பதுதான் அவருடைய கட்சி. நான் வெதுப்பகத் தொழிற்சாலை வேலையை முழங்கால் வருத்தத்தால் விட்டிருந்த நேரம் அது. நடக்கச் சொல்லி டாக்குத்தர் சொன்னார். நடந்து நடந்து அந்தத் தோட்டத்தில் போய் முட்டினேன்.

முதல் நாளே எனக்கு எரிச்சல் வந்தது. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு வெங்காயப் பாத்தியில் நூல் பிடித்தால் நூல் கோணும், பாத்தி கோணாது. இங்கே சோளத்தின் காலில் போஞ்சிக் கொடி ஏறுகிறது, போஞ்சியின் நிழலில் பூசணி படுக்கிறது, இடையில் கீரை முளைக்கிறது. அவர் அதைக் கலலூ என்றார். நான் முளைக்கீரை என்றேன். கீரைக்கு ஒரு கவலையும் இல்லை, இரண்டு பெயருக்கும் வளர்ந்தது. நேராக விதைத்தால் களை பிடுங்கச் சுகம் என்று நான் சொன்னதற்கு, நடந்துகொண்டே கையை விசிறி விதையை எறிந்து காட்டினார். அவ்வளவுதான் பதில்.

அவருக்கு வரிசை ஆகாது. எந்த வரிசையும். கோப்பிக் கடைக்குள் நுழைந்து, நாலு பேர் நிற்பதைக் கண்டால், தாகமில்லை என்று திரும்பிவிடுவார். பஸ் தரிப்பில் ஆட்கள் நின்றால் அடுத்த தரிப்புக்கு நடப்பார். அங்கேயும் நின்றால் அதற்கடுத்ததற்கு. இரண்டு தரிப்புக்கும் நடுவில் அவர் நடந்துகொண்டிருக்கும்போது பஸ் அவரைக் கடந்து போகும். ஒருநாள் நான் பஸ்ஸுக்குள்ளிருந்து யன்னலால் பார்க்கிறேன், எலஸ்மியர் வீதியில் அந்தப் பச்சைச் சப்பாத்தும் கறுப்புச் சப்பாத்தும் விறுவிறு என்று போகின்றன. பஸ்ஸைப் பார்த்து ஏதோ திட்டியபடிதான் போனார்.

ஏன் இப்படி என்று மூன்று தரம் கேட்டிருக்கிறேன். மூன்று தரமும் வேறு வேறு காரணம் சொன்னார். அவர் பேசியது ஆங்கிலம். எனக்கு எப்படி விளங்கியதோ அப்படியே என் வாய்த் தமிழில் சொல்கிறேன்.

முதல் தரம், சின்ன வயதில் தாயோடு இலவசச் சாப்பாட்டுக்கு ஒரு தேவாலயத்தின் நிலவறையில் நின்ற கதை சொன்னார். மேசைக்குப் பின்னால் நின்ற பெண், தாயின் கையில் இருந்த பால்மாப் பேணியைத் திருப்பி வாங்கி, நீ போன கிழமையும் எடுத்தாய் என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாளாம். தாய் பிறகு அந்தத் தெருவாலேயே போவதில்லையாம்.

அடுத்த தரம் கேட்டபோது தாயின் கதையை விட்டுவிட்டார். ‘வரிசை எண்டா அதிலை ஆரோ ஒருத்தர் கடைசி ஆளா நிக்கத்தான் வேணும். அந்த ஆள் மேசைக்கு வரேக்கை ஒண்டும் இராது. நான் மேசைக்குப் பின்னாலை சம்பளத்துக்கு நிண்டு, அந்த முகங்களைப் பாத்திருக்கிறன். இனிப் பாக்க மாட்டன்’ என்றார். அவர் விட்டுவிட்டு வந்த சம்பள வேலை அதுதான் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மூன்றாம் தரம் நாங்கள் போஞ்சி ஆய்ந்துகொண்டிருந்தோம். ‘எங்கடை ஆக்களை வரிசையிலை விட்டு எண்ணித்தான் அடிமைக் கப்பல்லை ஏத்தினவங்கள்’ என்றார். குரலை உயர்த்தவில்லை. போஞ்சியை ஆய்ந்துகொண்டே சொன்னார்.

அதற்கு நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. எங்களுடைய ஊர் ஆண்களை இராணுவம் கோயில் வீதியில் வரிசையில் விட்டு, முகத்தை மூடிய தலையாட்டியின் முன்னால் ஒவ்வொருவராக நடக்கவிட்டதைச் சொன்னேன். அந்த மூடிய தலை ஆடினால் ஆளைத் தனியே எடுப்பார்கள். என் அண்ணை நடந்தபோது ஆடியது. அதற்குப் பிறகு அண்ணையை நாங்கள் காணவில்லை. இதை நான் என் மருமகனுக்குக்கூடச் சொன்னதில்லை. தோட்டத்து மனுசி போஞ்சிக் கூடையை வைத்துவிட்டு என் கையைப் பிடித்தார். மண் ஒட்டிய கை. பிறகு, நீயும் ஏன் வரிசையில் நிற்கிறாய் என்று கேட்டார். நின்று பழகிவிட்டோம் என்றேன்.

பழக்கம் என்றால் சும்மா பழக்கமில்லை. பாணுக்கும் மண்ணெண்ணெய்க்கும் கூட்டுறவுச் சங்கக்கடை வாசலில் நின்று வளர்ந்த சனம் நாங்கள். ஆள் நிற்கத் தேவையில்லை, பை நின்றால் போதும். விடியவே பையை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சமைத்து, பிள்ளையைக் குளிப்பாட்டி, கடை திறக்கும் நேரத்துக்கு வந்து பைக்குப் பின்னால் நிற்கலாம். பையை ஒருவரும் தள்ளி வைக்க மாட்டார்கள். தள்ளி வைத்தால் ஊரே சண்டைக்கு வரும்.

தோட்டத்தின் முதல் அறுவடைச் சனிக்கிழமை அந்த அறிவை நாங்கள் காட்டினோம். எங்கள் மாடியில் இருந்த நவமணி அன்ரிதான் தலைவி. ‘எங்களுக்கு லைன் புதுசே? பையை வைச்சிட்டு வேலியோரம் போய் இருப்பம், வாங்கோ’ என்று எல்லோரையும் கூட்டிவந்தார். புடவைக் கடைப் பை, அரிசிப் பை, கோயில் அன்னதானப் பை என்று புல்லின் மேல் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தோம். நான்தான் கோணல் பார்த்துச் சரி செய்தேன். வெங்காயப் பாத்தி மாதிரி வடிவாக இருந்தது.

தோட்டத்து மனுசி ஒற்றைச் சில்லு வண்டியில் கீரையைத் தள்ளிக்கொண்டு வந்தார். பைகளைக் கண்டார். வண்டியைப் போட்டார்.

‘உதென்ன? இந்தப் பையளுக்குப் பசிக்குதோ?’

அவர் போய் எல்லாப் பைகளையும் அள்ளினார். ஊரில் என்றால் கொலை விழும் வேலை அது. மேசைகளை வட்டமாகப் போட்டிருந்தார். அந்த வட்டத்தைச் சுற்றிச் சுற்றி நடந்து, எந்தப் பை யாருடையது என்று பாராமல், கையில் அகப்பட்ட ஆளுக்கு அகப்பட்ட பையைக் கொடுத்தார். பிறகு ஒரு சட்டம் போட்டார். உன் பையை நீ நிரப்பக் கூடாது. உன் கையில் இருப்பது யாருடைய பையோ, அந்த ஆளுக்கு நீ நிரப்பு.

நவமணி அன்ரியின் புடவைக் கடைப் பை, வைக்கோல் தொப்பி போட்ட ஜமேக்கக் கிழவர் ஒருவரிடம் போய்விட்டது. தொப்பிக்காரர் ஒரு பெருந்தன்மையோடு அதில் பாதிக்குமேல் தங்களுடைய குண்டு மிளகாயைப் போட்டார். தொப்பிக்காரரின் பை என் கையில். நான் பாவக்காயைப் போட்டேன். நல்ல மனதோடுதான் போட்டேன். அடுத்த சனிக்கிழமை அவர் தன் வாழ்க்கையில் இவ்வளவு கசப்பைத் தின்றதில்லை என்று சொல்லி, இன்னும் இரண்டு கேட்டார். நவமணி அன்ரி அந்த மிளகாயில் ஒரு சம்பல் இடித்துக் கொண்டுவந்தார். அதைத் தின்ற தொப்பிக்காரருக்கே கண்ணீர் வந்தது. அன்ரி என்ற சொல் எங்களுக்கும் அவர்களுக்கும் பொது என்பதால், அன்றையிலிருந்து அந்த வட்டத்தில் அன்ரி என்று கூப்பிட்டால் பத்துத் தலை திரும்பும்.

பழகப் பழக அந்தச் சட்டத்தில் ஒரு சுகம் வந்தது. முன்பின் தெரியாத ஒரு ஆள் உனக்காக நல்ல வெண்டிக்காயை முறித்துப் பார்த்துத் தெரிந்தெடுப்பார். அதைப் பார்த்துக்கொண்டு நீ அவருக்கு முற்றலைப் போட முடியாது. நன்றி சொன்னால் தோட்டத்து மனுசிக்குப் பிடிக்காது. இது தர்மம் இல்லை, நன்றி சொல்ல என்பார். ஆனால் அவரோடு இருப்பது சுகமில்லை. ஓரிடத்தில் குந்தி இருக்கவே மாட்டார். சோளத்தைக்கூட நடந்துகொண்டுதான் கடிப்பார். அவரோடு கதைப்பதென்றால் நாங்களும் நடக்க வேண்டும். என் முழங்கால் அவரோடு கதைத்தே தேறியது.

அடுத்த வருடம் சாமான் விலை ஏறியது. ஓகஸ்ட் மாதத்தில் சுற்றியிருந்த எல்லாக் கட்டடங்களிலிருந்தும் சனம் வந்தது. எனக்குப் பயமாக இருந்தது. ஒரு கயிறாவது கட்டுங்கோ என்று சொன்னேன். அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டு நடந்தார். அன்றைக்குத் திடீரென்று மழை கொட்டியது. நனைவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று எல்லாப் பக்கத்தாலும் எல்லோரும் மேசைக்கு நெருக்கினார்கள். யார் யாரைத் தள்ளியது என்று சொல்ல முடியாது. கூட்டம் விலகியபோது தொப்பிக்காரர் சேற்றில் கிடந்தார். மணிக்கட்டு உடைந்துவிட்டது. தொப்பி மேசைக்குக் கீழே கிடந்தது.

அம்புலன்ஸ் போன பிறகு ஒரு வாளியைக் கவிழ்த்து அதில் தோட்டத்து மனுசி குந்தி இருந்தார். அவர் குந்தி இருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்குக் கோபம் அடங்கவில்லை. ‘ஒரு கயிறு கட்டியிருந்தா அந்த மனுசன் விழுந்திருக்க மாட்டார்’ என்றேன்.

‘தெரியும்’ என்றார்.

அந்த ஒரு சொல்லோடு என் கோபம் போய்விட்டது. அவருடைய கால்கள் மட்டும் வாளிக்குக் கீழே சேற்றை மிதித்துக்கொண்டே இருந்தன.

கிழமை திரும்புவதற்குள் நிலத்துக்குப் பொறுப்பான அலுவலகத்திலிருந்து ஒரு இளைஞர் வந்தார். பளபளக்கும் மஞ்சள் சட்டை. மரியாதையான பிள்ளை. கத்தவில்லை, மிரட்டவில்லை. ஒருவர் பின் ஒருவராக ஒழுங்கான வரிசை வேண்டும், வந்து பார்ப்பேன், இல்லாவிட்டால் அடுத்த வசந்தத்துக்கு நிலம் இல்லை என்று சொன்னார். வருடக் கணக்காகப் படி ஏறி வாங்கி, வேலையையும் விட்டுக் கொத்திய நிலம். கல் பொறுக்கி, எரு சுமந்து, இப்போதுதான் மண் கறுத்து வந்திருந்தது. ஒரு கயிற்றுக்காகத் தோட்டத்து மனுசி அதை விடுவாரோ என்று நான் அந்தக் கிழமை முழுக்கத் தவித்தேன். பிடிவாதக்காரி, விட்டாலும் விடுவார் என்று நவமணி அன்ரி சொன்னார்.

விடவில்லை. செப்டம்பரில் அடுத்த சனிக்கிழமை நாங்கள் போனபோது, தக்காளிக்கு ஊன்றிய தடிகளைப் பிடுங்கி நட்டு, அவரே கயிறு கட்டிக்கொண்டிருந்தார். முடிச்சுப் போடத் தெரியாதவர் மாதிரி அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார். பார்க்க எனக்கு அழுகை வந்தது. நான் கேட்டதுதான் நடக்கிறது, ஆனால் நெஞ்சு ஆறவில்லை.

நவமணி அன்ரி வழக்கம்போல முதலாவது ஆள். அவருக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் மற்றவர்கள். கையில் வெள்ளைக் கட்டுப் போட்ட தொப்பிக்காரரும் நடுவில் நின்றார். மஞ்சள் சட்டைப் பிள்ளை ஓரமாக நின்று பார்த்தார். மேசையடியில் தோட்டத்து மனுசியின் கூட்டாளிப் பெண்கள் நின்றார்கள். அவரை மட்டும் காணவில்லை.

திரும்பிப் பார்த்தேன். வரிசையின் ஆகக் கடைசியில் நின்றார். பச்சைச் சப்பாத்தும் கறுப்புச் சப்பாத்தும் மாறி மாறி நிலத்தை மிதித்தன. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் வந்தார். இவர் ஒரு அடி பின்னால் போய் அந்தப் பெண்ணைத் தனக்கு முன்னால் விட்டார். பிறகு ஒரு கிழவனும் கிழவியும் வந்தார்கள். அவர்களையும் முன்னால் விட்டார். வந்தவர் யாராக இருந்தாலும் இவர் பின்னால் போனார்.

‘உவ ஏன் அங்கை போய்க் கடைசியிலை நிக்கிறா? அவவின்ரை தோட்டந்தானே?’ என்று நவமணி அன்ரி கேட்டார்.

‘வரிசை எண்டா ஆரோ ஒருத்தர் கடைசி ஆளா நிக்க வேணுமாம், அன்ரி. அது வேறை ஆரும் இருக்கக் கூடாதெண்டு நிக்கிறா.’

நவமணி அன்ரி வரிசையின் கடைசியைத் திரும்பவும் எட்டிப் பார்த்தார். சங்கக்கடைக் காலத்திலிருந்து முதலாம் இடத்தை ஒருவருக்கும் விட்டுக்கொடுக்காத மனுசி. குனிந்து தன் புடவைக் கடைப் பையை எடுத்தார். முழு வரிசையும் பார்க்க நடந்துபோய்த் தோட்டத்து மனுசிக்குப் பின்னால் நின்றார். அவர் பதறிப்போய், அன்ரி முன்னால் போங்கள் என்று கையைக் காட்டினார். அன்ரி தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ‘யூ கோ’ என்றார். அவர் அன்ரிக்குப் பின்னால் போகத் திரும்பினார். அதற்குள் தொப்பிக்காரர் அங்கே போய் நின்றுவிட்டார். அவருக்குப் பின்னால் நான். இதென்ன விளையாட்டு என்று சிரித்துக்கொண்டு தள்ளுவண்டிப் பெண் எனக்குப் பின்னால் வந்தார். பிறகு முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக. முன்னால் நின்ற ஆள் பின்னால் போக, பின்னால் நின்ற ஆள் முன்னால் வர, வரிசை தவிட்டைத் தின்னும் மாட்டின் வாய் மாதிரி ஓயாமல் அசைந்தது. வால் வளைந்து, மேசைகளைச் சுற்றி, தலையோடு போய் ஒட்டியது.

மஞ்சள் சட்டைப் பிள்ளை என்னிடம் வந்து, எது முன்பக்கம் என்று கேட்டார். அங்கே என்று கையைக் காட்டினேன். அவர் ஒரு சுற்று நடந்து வந்தார். ஒருவர் பின் ஒருவராகத்தான் நிற்கிறோம். நெருக்கடி இல்லை, தள்ளுப்பாடு இல்லை. இது வரிசைதான் என்று சொல்லிவிட்டு, கையில் கொடுத்த சோளத்தையும் வாங்கிக்கொண்டு போனார்.

தோட்டத்து மனுசிக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. என்னைப் பார்த்து, ‘கடைசியிலை நிக்கிறது ஆர்? வடிவாப் பாத்துச் சொல்லு’ என்றார்.

பார்த்தேன். அவருக்குப் பின்னால் நவமணி அன்ரி. அன்ரிக்குப் பின்னால் தொப்பிக்காரர். அவருக்குப் பின்னால் நான். எனக்குப் பின்னால் தள்ளுவண்டிப் பெண். அப்படியே ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு மேசைகளைச் சுற்றி வந்தேன். என் பார்வை திரும்பவும் அவருடைய முகத்திலேயே வந்து நின்றது.

‘ஒருத்தரும் இல்லை’ என்றேன்.

அப்போது அந்த இரண்டு சப்பாத்துகளும் அசையாமல் நின்றன. என் கண்ணால் பார்த்தேன். கன நேரம் இல்லை, ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம். பிறகு கயிற்றுக்குக் கீழால் குனிந்து வெளியே வந்து, கத்தரிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று நடந்துவிட்டார்.